றெஜினாவின் தலைச்சுற்று

ஒடென்சேயிலிருந்து ஓகூஸுக்கு ரெயிலில் போகிறவர்கள் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். பாலத்தைக் கடக்கும்போது கீழே கடல் தெரியும். வெயில் நாளென்றால் பாய்மரப் படகுகளும் தெரியும். அந்த இருக்கையை நான் எப்போதும் என் மனைவிக்குத்தான் கொடுப்பேன். நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால், நான் எப்படிப்பட்ட கணவன் என்று தெரிந்திருப்பது நல்லது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு டேனிஷ் தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தைத் தமிழில் சொல்ல விரும்பினேன். நீங்கள் கோதையை மொழிபெயர்க்க அழைத்திருக்கிறீர்கள், நன்றி. அவர் தமிழ்நாட்டுக்காரர். எங்கள் பேச்சில் சில சொற்கள் அவருக்குப் பிடிபடாமல் போகலாம். அப்படியானால் நிறுத்திக் கேட்கட்டும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. வீட்டில் என்னை எதிர்பார்த்து யாரும் இல்லை.

என் பெயர் சீவரத்தினம். சொந்த ஊர் மட்டக்களப்பு. எங்கள் இருவரில் டென்மார்க்குக்கு முதலில் வந்தவன் நான். இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை எடுத்து, வீடு எடுத்து, சட்டப்படி எல்லாம் செய்து றெஜினாவை அழைத்தேன். அவள் வந்து இறங்கிய நாளில் அவளுக்கு இந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன் நான். கொம்யூன் அலுவலகத்தில், அதாவது நகரசபையில், அவளுக்காகக் கதைத்தவன் நான். டொக்டரிடம் அவளுடைய வயிற்றுவலி எந்த இடத்தில், எப்படிப்பட்டது என்று விவரித்ததும் நான்தான். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அவள் படித்தாள். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் நிலானி வளர வளர, தாயும் மகளும் குசினியில் சமைத்துக்கொண்டே டேனிஷில் கதைத்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். இதில் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. சிரமமாக இருந்தது சின்னச் சின்ன விஷயங்கள்தான். நான் கடையில் ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் அந்த வசனத்தை அவள் முடித்து வைப்பாள். நான் பிழையாகச் சொன்ன சொல்லைத் திருத்துவாள், அதையும் மென்மையாக, கையைத் தொட்டுத் திருத்துவாள். மென்மையாகத் திருத்தப்படுவது எவ்வளவு எரிச்சல் தரும் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் இந்த மொழியில் பிறந்தவர்.

என் முதுகு பழுதாகி வேலையை விட்ட பிறகு நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். சமைத்து வைப்பேன். அவள் வேலை முடிந்து, தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போய், அல்லது கூட வேலை செய்யும் பெண்டெ என்ற பெண்ணோடு நீந்தப் போய், ஆறவமர வருவாள். “நீங்கள் சாப்பிட்டிருக்கலாம்தானே” என்பாள். குழாய் ஒழுகினால் தானே திருத்துவாள். பல்ப் போனால் தானே ஏறி மாற்றுவாள். அரசாங்கத்திலிருந்து என் பெயருக்கு வரும் தகவலைக்கூடத் தன் தொலைபேசியில் திறந்து வாசித்து, எனக்கு வேண்டியதை மட்டும் சொல்லுவாள். என்னிடம் கேட்க அவளுக்கு ஒரு கேள்வியும் மிச்சமிருக்கவில்லை.

அவளுடைய ஒரு பிறந்தநாளுக்கு நிலானி எங்களை ஓகூஸுக்குக் கூப்பிட்டாள். நிலானி அங்கேதான் இருக்கிறாள். அவள் கணவன் லவன் கடலில் காற்றாலைகளைப் பராமரிக்கிறவன், அடிக்கடி வீட்டில் இருக்கமாட்டான். அப்போது நிலானி பிள்ளைத்தாச்சி. துறைமுகப் பக்கம் எழுந்திருக்கும் அந்த உயரமான கட்டடத்தின் உச்சியில் நகரத்தைப் பார்ப்பதற்கான தளம் ஒன்று இருக்கிறதே, அங்கே தாயைக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

லிஃப்டில் ஏறும்போதே காது அடைத்தது. மேலே நாலு பக்கமும் கண்ணாடி. கடல் தகடு விரித்த மாதிரிக் கிடந்தது. ஒரு கப்பல் நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது. றெஜினா எங்களுக்கு முன்னால் போய், கண்ணாடியில் எழுதியிருந்ததை வாசித்து, அது இந்தக் காடு, இது அந்தத் தீவு என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் வாசிக்கத் தெரியும். 

அந்த வாரம் அவளுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைப்பு, காது அடைப்பு. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து நேர் கீழே பார்த்தாள். அடுத்த கணம் அவளுடைய கை காற்றில் எதையோ தேடியது.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “இஞ்சேருங்கோ, என்னைப் பிடியுங்கோ. நிலம் சுத்துது.”

கோதை கேட்கிறார், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. பிள்ளை, அது கணவனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடும் சொல். இங்கே பாருங்கள் என்பதுபோல. ஆனால் கணவனைத் தவிர வேறு யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. டேனிஷில் அதற்கு ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். றெஜினா அந்தச் சொல்லை விட்டுப் பல வருடங்கள். எப்போது விட்டாள் என்றுகூட எனக்குத் தெரியாது. என்னிடம் கதைக்க வேண்டியிருந்தால் கூப்பிடாமலே கதைக்கத் தொடங்கிவிடுவாள்.

நான் அவளைப் பிடித்தேன். அவள் இரண்டு கையாலும் என் சட்டையைப் பற்றிக்கொண்டு முகத்தை என் நெஞ்சில் வைத்தாள். ஒரு டேனிஷ் முதியவர் வாங்கிலிருந்து எழுந்து இடம் தந்தார். அவளை உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தேய்த்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவனைப் பார்ப்பதுபோல. நிலானி தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். “அப்பா, நீங்கள் பக்கத்தில நிண்டது நல்லதாப் போச்சு,” என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். அவள் என்னோடு தமிழில் கதைப்பது அரிது.

திரும்பி வரும்போது ரெயிலில் றெஜினா சன்னலைப் பார்க்கவே இல்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒடென்சேயில் ட்ராம் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த இரண்டு நாளும் படுக்கையில் இருந்தாள். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தலை சீவிவிட்டேன். பிறகு காது அடைப்பு விட்டது, தலைச்சுற்றும் போனது. அவள் எழும்பி, குளித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். போகும்போது சொல்லிவிட்டுப் போகவும் மறந்துவிட்டாள். கதவு பூட்டும் சத்தம் கேட்டுத்தான் அவள் போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான், அவளை வேலையிடத்தில் அவளுடைய பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போடப் போகிறார்கள் என்று தெரியவந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நிலானியிடம் தொலைபேசியில் சொன்னாள். நான் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து பின்னேர வகுப்புகளும் இருக்குமாம். சாப்பாட்டு மேசையில் அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் மீன்குழம்பு நல்லாயிருக்கிறது என்று சொன்னாள்.

எனக்குப் பிரசர் இருக்கிறது. டொக்டர் எழுதித் தந்த குளிசைகளில் ஒன்று, ஆரம்பத்தில் நான் கதிரையை விட்டு எழும்பும்போதெல்லாம் என்னைத் தள்ளாட வைத்தது. உடம்பு பழகும்வரை அப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்பது டொக்டரின் சொல். அதை மறக்காமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் குளிசையை விழுங்குவதை நான் நிறுத்தினேன். வாங்குவதை நிறுத்தவில்லை.

றெஜினாவுக்கு இஞ்சித் தேநீர் பிடிக்கும். நல்ல காரமாக, நிறையச் சீனி போட்டுக் குடிப்பாள். கசப்பு எதுவும் தெரியாது. வெறும் வயிற்றில் அவள் மருந்து எடுக்கக் கூடாது என்பதால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுப்பேன். எல்லா நாளும் கொடுக்கவில்லை. அவள் வெளியே போகவிருக்கும் நாள்களில் மட்டும்தான். வீட்டில் என்னோடு இருக்கிற நாளில் ஒரு மனிசிக்கு ஏன் மருந்து?

முதல் நாள் அவள் மேசையிலிருந்து எழும்பினாள், கதிரையின் முதுகைப் பிடித்தாள், என்னைக் கூப்பிட்டாள். எப்படிக் கூப்பிட்டாள் என்று கோதைக்கு இப்போது தெரியும். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என் முதுகு வலியையும் பார்க்காமல் அவளைக் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு பரிசோதனைகள் தொடங்கின. ஒரு சந்திப்புக்கும் அவளைத் தனியே விட்டதில்லை. காதைப் பார்த்தார்கள், இதயத்தைப் பார்த்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். அவளுக்குத் தலை பாரமாக இருந்தபடியால் கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன். எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்றெல்லாம். பிழையான சொல் வந்தாலும் அவள் திருத்தவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு றெஜினா அழுதாள். ஏதாவது ஒரு பெயருள்ள வருத்தமாக, நோயாக இருந்தால் நல்லதென்று அவள் நினைத்திருந்தாள். ஒரு டொக்டர் மனஅழுத்தமாக இருக்கலாம் என்றார். இன்னொருவர் வயது என்றார். பிரசர் சில நேரம் குறைவாக இருப்பதைக் கண்ட ஒருவர், நிறையத் தண்ணீர் குடிக்கவும் கொஞ்சம் உப்புக் கூட்டவும் சொன்னார். நான் தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் உப்புப் போட்டு, மறக்காமல் கொடுத்து வந்தேன்.

வேலையிடத்தில் முதலில் சுகவீன விடுப்பு. பொறுப்பாளர் வேலை வேறொருவருக்குப் போனது. பிறகு கொம்யூனில் கூட்டங்கள். கடைசியில் வேலை இல்லை என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். பெண்டெ முதலில் வாராவாரம் பூவோடு வந்தாள். றெஜினா தூங்குகிறாள் என்று சொல்லி நான் வாசலிலேயே பூவை வாங்கிக்கொள்வேன். சில நேரம் உண்மையாகவே தூங்கினாள். பெண்டெ கொஞ்சம் கொஞ்சமாக வராமல் விட்டாள். சைக்கிளை ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட்டோம். றெஜினாவே கொடுக்கச் சொன்னாள், வாசலில் அது நிற்பதைப் பார்க்க ஏலாதாம்.

நீங்கள் இதை எழுதும்போது கொடுமையான காலம் என்று எழுதுவீர்கள். அப்படி இருக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம். பின்னேரங்களில் கை கோத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தோம். அவளுக்கு நான் பழைய கதைகள் சொன்னேன், அவள் கேட்டாள். தேவாலயத்தில் எங்கள் ஆட்கள் என்னைக் காட்டித் தங்கள் புருஷன்மாருக்குச் சொல்வார்கள், “சீவரத்தினம் அண்ணையைப் பாருங்கோ, மனிசியைக் கண்ணுக்குள்ள வைச்சிருக்கிறார்,” என்று. றெஜினாவும் தலையாட்டுவாள். “இவர் இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பன்,” என்று ஒருநாள் அவளே சொன்னாள். உங்களிடம் அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் பலர் இருக்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் தந்தது ஒன்றுதான். அவள் விடவில்லை. சமநிலைக்கு ஏதோ பயிற்சி என்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள். கண்ணை மூடித் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவாள். வியர்த்து, சுவரைப் பிடித்து, மறுபடி நிற்பாள். கதவு நிலையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன குறை உனக்கு, ஏன் இந்த அவசரம் என்று கேட்கத் தோன்றும். என்னோடு இருப்பது ஒரு வருத்தம் என்பதுபோல அதிலிருந்து தப்பப் பார்த்தாள்.

இதற்கிடையில் நிலானிக்குப் பெண்குழந்தை பிறந்தது. துவாரகா என்று பெயர். றெஜினாவுக்கு அந்தப் பிள்ளையென்றால் உயிர். ஆனால் நின்றபடி தூக்கமாட்டாள். கதிரையில் உட்கார்ந்து, கையை நீட்டி, யாராவது மடியில் வைத்தால்தான் வாங்குவாள். அது அவளே தனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதை ஒருநாளும் மீறியதில்லை.

போன இலையுதிர் காலத்தில் நிலானி வந்து தாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்ததால் கூடப் போக முடியவில்லை. ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தேன். முதல் நாள் பரவாயில்லை என்றாள். இரண்டாம் நாள் நல்லாயிருக்கு என்றாள். பிறகு அவள் தொலைபேசிக்கே வரவில்லை, பிள்ளையோடு பூங்காவுக்குப் போயிருக்கிறாளாம். அதற்கு அடுத்த நாளும் நிலானிதான் எடுத்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு இஞ்ச வந்து ஒருக்காலும் தலை சுத்தேல்லை,” என்றாள். தமிழில் தொடங்கியவள் டேனிஷுக்கு மாறினாள். எங்கள் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் இருக்கலாமாம், அதைச் சுவாசித்தாலும் இப்படி வருமாம், ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டுமாம். “அதுவரைக்கும் அம்மா எங்களோடயே இருக்கட்டும்.”

“வீடு சுத்தமாத்தான் இருக்கு,” என்றேன்.

“கோவிக்காதேங்கோ அப்பா. நீங்களும் வாங்கோவன். சனிக்கிழமை அம்மா அந்த உயரக் கட்டடத்தில திரும்ப ஏறப் போறாவாம்.”

பின்னால் றெஜினாவின் குரல் கேட்டது. அவள் பிள்ளைக்கு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நடந்துகொண்டே பாடினாள், குரல் கிட்ட வந்து தூரப் போனது.

சனிக்கிழமை நான் முதுகுப் பட்டியைக் கட்டிக்கொண்டு ரெயில் ஏறினேன். ஒரு ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டு போனேன். ஆம், அதில் இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. ஏன் என்று கேட்டால், ஒரு வாரம் இடைவெளி விட்டிருந்தது.

றெஜினா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டாள். அதில் நான் பொய் சொல்லவில்லை. முகம் தெளிந்திருந்தது. நிலானியின் சிவப்பு மேற்சட்டையைப் போட்டிருந்தாள். “அங்கதான் இது துவங்கினது,” என்றாள். “அங்கயே ஏறி நிண்டுபோட்டு இறங்கி வந்தா முடிஞ்சுது.” லவன் கடலுக்குப் போயிருந்தான். நாங்கள் மூன்று பேரும் பிள்ளையும்தான். பிள்ளையின் தள்ளுவண்டியைக் கீழே வாசலில் விட்டுவிட்டு ஏறினோம்.

மேலே போனதும் ஒரு வாங்கில் உட்கார்ந்து நான் தேநீரை ஊற்றினேன். நிலானி கோப்பி குடிக்கிறவள், அவள் வேண்டாம் என்றாள். றெஜினா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். “ஒரு கிழமையா உங்கட தேத்தண்ணி இல்லாமல் ஒரு மாதிரி இருந்தது,” என்று சொல்லிக் குடித்தாள். முழுவதும் குடித்தாள்.

பிறகு எழும்பிக் கண்ணாடிக்குப் போனாள். நெற்றியை வைத்து நேர் கீழே பார்த்தாள். நான் ஓர் அடி பின்னால் நின்றேன், கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு. ஒன்றும் நடக்கவில்லை. நெடுநேரம் பார்த்தாள். திரும்பிச் சிரித்து, நிலானிக்கு டேனிஷில், என்னால் முடியுது என்றாள். நிலானி அழத் தொடங்கினாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் றெஜினா பிள்ளைக்குக் கையை நீட்டினாள். நின்றபடி நீட்டினாள். நிலானி யோசித்தாள். “ஓம், தா. எனக்கு ஒண்டுமில்லை,” என்றாள் றெஜினா. வாங்கி இடுப்பில் வைத்து, அந்தக் கப்பலைப் பார், இந்தக் கப்பலைப் பார் என்று காட்டிக்கொண்டு கண்ணாடியோரமாகச் சுற்றி நடந்தாள். பிள்ளை கண்ணாடியில் கையால் அடித்துச் சிரித்தது.

அந்த மருந்து எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரியும். உங்களுக்கு நான் பொய் சொல்லலாம், அந்த நேரத்தில் நினைவில்லை என்று. நினைவிருந்தது.

நிலானி தள்ளுவண்டியைத் திறந்து வைக்கிறேன் என்று லிஃப்டில் முதலில் கீழே போனாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து லிஃப்டுக்குச் சின்னப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. கைப்பிடி இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. றெஜினா பிள்ளையோடு அதன் மேற்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாருங்கோ,” என்றாள். “பிடிக்காமல் இறங்கிறன்.”

பிள்ளையை என்னிடம் தா என்று கேட்டிருந்தால் தந்திருப்பாள். என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. ஆனால் ஏன் என்று கேட்டிருப்பாள். அதற்கு நான் என்ன சொல்வது? இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எப்போதும் முதலில் ஒரு தடுமாற்றம் வரும், உடனே அவள் என்னைக் கூப்பிடுவாள், நான் போய்ப் பிடிப்பேன். ஒருநாளும் அது தவறியதில்லை. நான் அந்தக் கூப்பிடலுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

அவள் கூப்பிடவில்லை. பாதிப் படியில் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. கைப்பிடியைப் பிடிக்க அவளுக்கு ஒரு கை வேண்டியிருந்தது, அவள் இரண்டு கையாலும் பிள்ளையைத்தான் இறுக்கினாள். அதனால் அவள் தன்னைத் தடுக்கவே இல்லை. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். பிள்ளையின் தலைதான் முதலில் கீழ்ப்படியில் பட்டது.

கோதைக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

துவாரகா அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். விபத்து என்று உங்கள் பொலிஸ் ஆட்கள்தான் அப்போது எழுதினார்கள். சரியாகத்தான் விசாரித்தார்கள், அவர்களில் பிழையில்லை. ஏனென்றால் எல்லாரையும் முந்திக்கொண்டு றெஜினா, நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைச்சுற்று இருப்பது தெரிந்தும் பிள்ளையைத் தூக்கினேன் என்று டொக்டரிடம் சொன்னாள், பொலிசாரிடம் சொன்னாள், கடலிலிருந்து வந்து இறங்கிய லவனின் காலில் விழுந்து சொன்னாள். அவளைத் தூக்கிவிட்டவன் நான். “உன்ர பிழையில்லையப்பா, உனக்குத் தலைச்சுத்து வருத்தம்,” என்று ஆறுதல் சொன்னேன். பல தடவை சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் கொடுத்த எதையும் வாங்கவில்லை. தேநீரைக் கட்டிலருகே வைத்தால் அது ஆறி ஆடை படிந்து கிடக்கும். தாகமெடுத்தால் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். நாள் போகப் போக, கைத்தாங்கல் இல்லாமல் நடந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், மாடிப்படி ஏறினாள், ஒன்றுமில்லை. அது அவளுக்கு இன்னும் கூடாமல் போனது. “பாத்தீங்களோ, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை,” என்றாள் ஒருநாள். “ஒரு வருத்தமும் இல்லாமல் நான் பிள்ளையைப் போட்டுட்டன்.” நான் அவள் தலையைத் தடவினேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அவள் இருந்த நிலையில் எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று விட்டேன்.

நிலானி இனித் தாயின் முகத்திலும் முழிக்கமாட்டாள், நாங்கள் இருவரும்தான் ஒருவருக்கொருவர் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலானியும் லவனும் காரில் வந்தார்கள். தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். வெளியே வந்தபோது றெஜினாவின் பெட்டி நிலானியின் கையில் இருந்தது. லவன் அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான். என்னைக் கட்டிப்பிடித்து, உங்களுக்கும் ஓய்வு வேண்டும் மாமா என்றான்.

இப்போது றெஜினா அங்கேதான் இருக்கிறாள். பிள்ளைகளை இழந்தவர்கள் கூடும் ஒரு குழுவுக்கு மகளோடு போகிறாளாம். அங்கே டேனிஷில் கதைக்கிறாளாம். நிலானியின் பழைய சைக்கிளை ஓடுகிறாளாம். இதெல்லாம் நிலானி சொல்லித்தான் எனக்குத் தெரியும். றெஜினா தொலைபேசிக்கு வருவதில்லை. போன கிழமை, நான் வந்து பார்க்கட்டோ என்று கேட்டேன். “இப்ப வரவேண்டாம் அப்பா,” என்றாள் நிலானி. “நாங்கள் ரெண்டுபேரும் சமாளிக்கிறம்.”

சமாளிக்கிறார்கள். நான் தனிவீட்டில் இருந்து ஒரு பானைச் சோற்றை நாலு நேரம் சாப்பிடுகிறேன். என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். என்னை விட்டுவிட்டு அவர்கள் ஆளை ஆள் மன்னித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஆகவே இன்று காலை நானாகவே எழும்பி, குளித்து, சட்டையை ஸ்திரி போட்டு உடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். யாரும் பிடித்து வரவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. தேநீரில் மருந்தைக் கலந்தவன் நான். அன்று ஃபிளாஸ்கில் கலந்தவனும் நான். அவள் பிள்ளையைத் தூக்கியதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவனும் நான். செய்யாத பிழைக்கு றெஜினா தன்னைத் தண்டித்துக்கொள்கிறாள், அது நியாயமில்லை, என் மனம் கேட்கவில்லை. அதற்காக மட்டும்தான் வந்தேன்.

நீங்கள் இன்றைக்கே ஓகூஸுக்கு ஆளனுப்பி அவளுக்குச் சொல்லப் போவதாகக் கோதை சொல்கிறார். நல்லது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதைக் கேட்டால் றெஜினா நிற்கமாட்டாள், நின்ற இடத்தில் விழுந்துவிடுவாள். நிலானி மெலிந்துபோயிருக்கிறாள், அவளால் தாங்க முடியாது. லவனுக்கு அவளை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. அதனால் விலங்கு போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே போனதும் கழற்றிவிட்டால் போதும். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.